கண்ணால் படித்தவையும் காதால் படித்தவையும்

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி



ஆண்டு மலருக்காக ‘நான் படித்த நூல்’ என்று ஒரு கட்டுரை எழுதித் தருமாறு எங்கள் தமிழாசிரியை கூறினார்கள். எப்படி எழுதுவது என்று தெரிந்துகொள்ள நூலகத்திலுள்ள பழைய மலர்களை எடுத்துப் புரட்டினேன். ஒவ்வொரு மலரிலும் அப்படி ஒரு கட்டுரை இருக்கத்தான் செய்கிறது. எல்லாக் கட்டுரைகளும், ‘இந்நூல் மிகவும் அருமை, அனைவரும் வாங்கிப் படித்துப் பயன் பெறுவோமாக’ என்றே முடிகின்றன. படித்த நூல்கள் அத்தனையும் அருமையாக இருந்துவிடுமா? சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் சொல்கிறோம். புத்தகத்தில் குறைந்தால் மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறோம்?

ஆகவே இக்கட்டுரையில் உள்ளதை உள்ளபடியே எழுதப் போகிறேன். இந்த ஆண்டு நான் படித்த, கேட்ட நாவல்களுக்கு, எங்கள் விடைத்தாள்களுக்கு ஆசிரியைகள் போடுவது போல மதிப்பெண்ணும் போடப் போகிறேன். பெரிய எழுத்தாளர்களுக்கு மதிப்பெண் போட நீ யார் என்று கேட்காதீர்கள். படிப்பதற்காகத்தானே அவர்கள் எழுதினார்கள்? படித்தவளுக்கு ஒரு கருத்து இருக்கக் கூடாதா?

‘கேட்ட’ நாவல் என்றேன். அதற்குக் காரணம் எங்கள் அப்பாயி. அவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இக்கட்டுரையை எழுத முடியாது.

எங்கள் அப்பாயி பள்ளிக்கூடம் போனதில்லை. நம் மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டு அறிவொளி இயக்கம் தொடங்கியபோதுதான் அவர்கள் ‘அ’ எழுதினார்கள். அப்போது அவர்களுக்கு முப்பத்தாறு வயது. பகலெல்லாம் வயல் வேலை, இரவில் படிப்பு. அந்த நாட்களில்தான் நம் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். அப்பாயியும் கற்றுக்கொண்டார்கள். விழுந்த தழும்பு முழங்காலில் இன்னும் இருக்கிறது. அதன் பிறகு பேருந்துப் பலகை, ரேஷன் அட்டை, ஜெபமாலைப் புத்தகம், அப்பா வாங்கி வரும் வார இதழ் என்று எதையும் விட்டு வைத்ததில்லை. முப்பத்தாறு வயதில் கிடைத்த எழுத்தை, சர்க்கரை நோய் இப்போது அவர்கள் கண்ணிலிருந்து எடுத்துக்கொண்டது. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் தெரியும். எழுத்து தெரியாது.

சென்ற கோடை விடுமுறையில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலை யாரோ வாசிக்க, கைப்பேசியில் கேட்கலாம் என்று என் தோழி சொல்லியிருந்தாள். அதை எடுத்து, அப்பாயியின் காதில் கருவியை மாட்டிவிட்டு, நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற பெருமையோடு விளையாடப் போய்விட்டேன். மூன்றாம் நாள் அப்பாயி கருவியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். “இது பாட்டுக்குப் பேசிக்கிட்டே போவுது ஆத்தா. அந்த ஆளு யாருன்னு கேட்டா நிக்கவும் மாட்டேங்குது, சொல்லவும் மாட்டேங்குது” என்றார்கள்.

அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாளிலிருந்து காதுக் கருவியை எடுத்துவிட்டு, திண்ணையில் இருவருமாக உட்கார்ந்து கேட்கத் தொடங்கினோம். அப்பாயி கை தூக்கினால் நான் நிறுத்துவேன். சந்தேகம் தீர்ந்ததும் மறுபடி ஓட விடுவேன். ஐந்து பாகங்களையும் கேட்டு முடிக்க ஆறு மாதம் ஆயிற்று.

இனி மதிப்பெண்ணுக்கு வருகிறேன்.

முதலில் ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்த நாவல் இது. வாராவாரம் காத்திருந்து படித்தவர்களுக்காக எழுதப்பட்டதால், ஒவ்வோர் அத்தியாயமும் ஏதாவது ஒரு திகிலில் முடிகிறது. ஒரே மூச்சில் கேட்கும் நமக்கு, சுரங்கப் பாதையும் ஒட்டுக் கேட்பவர்களும் சற்று அதிகமோ என்று தோன்றும். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதையும் கல்கி நேராகச் சொல்லாமல் விட்டுவிட்டார். ஐந்து பாகம் காத்திருந்தவர்களுக்கு இது நியாயமா? உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாஸன் முதலியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கல்லுக்கு இருந்த துணிச்சல் கதைக்கு இல்லையே என்று எனக்குக் கோபம்.

அதைவிடப் பெரிய கோபம் வானதியின் மேல். வானதி யார்? நம் மாவட்டத்துப் பெண்! விராலிமலைக்குப் பக்கத்திலுள்ள கொடும்பாளூரின் இளவரசி. நம் ஊர்ப் பெண் ஒருத்தி கதைக்குள் வருகிறாளே என்று ஆவலோடு இருந்தால், அவள் எதைக் கண்டாலும் மயங்கி விழுகிறாள். பூங்குழலியோ தனியாகக் கடலில் படகு விடுகிறாள். “நம்ம ஊர் மானத்தை வாங்குகிறாளே அப்பாயி” என்று நான் புலம்பினேன்.

அப்பாயி கை தூக்கினார்கள். நிறுத்தினேன். “அந்தப் புள்ளைக்கு அப்பன் சண்டையில செத்துட்டான். வந்து சேந்த எடம் பெரிய அரமன. பயப்படாம என்ன செய்யும்? பயமே இல்லாத புள்ள படகு ஓட்டுறதுல என்ன அதிசயம்? பயந்த புள்ள பின்னால என்ன செய்யுதுன்னு பாரு” என்றார்கள். பின்னால் அவள், தான் சோழ சிம்மாசனத்தில் ஒருபோதும் அமரப் போவதில்லை என்று எல்லார் முன்னிலையிலும் சபதம் செய்த இடம் வந்தது. அப்பாயி ஒன்றும் பேசவில்லை. என் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். முதல் முறை சைக்கிள் ஏறியபோது அப்பாயியும் பயந்திருப்பார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுடன் கொடும்பாளூர் மூவர் கோயிலுக்குப் போனேன். பூதி விக்கிரமகேசரி கட்டிய மூன்று கோயில்களில் இரண்டு நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். தன் பெயரால் ஒன்றும், கற்றளி, வரகுணை என்னும் தன் மனைவியர் இருவர் பெயரால் இரண்டுமாகக் கட்டினான் என்று அங்கே கல்வெட்டு இருக்கிறது. கதையை முன்பே கேட்டிராவிட்டால், அங்கே கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத் திரும்பியிருப்பேன். இதற்காகவே கல்கிக்கு நூற்றுக்கு எண்பது. மீதி இருபது, கொலைகாரனைச் சொல்லாததற்குக் குறைத்தது.

இரண்டாவது ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. 1879-இல் வெளிவந்த இந்நூலே தமிழின் முதல் நாவல் என்று பாடத்தில் படிக்கிறோம். படித்து மதிப்பெண் வாங்குகிறோம். நூலைத் திறந்து பார்த்தவர்கள் நம் வகுப்பில் எத்தனை பேர்? ஆசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை நம் கத்தோலிக்க சபையைச் சேர்ந்தவர். 1826-இல் திருச்சிப் பகுதியிலுள்ள குளத்தூரில் பிறந்து, மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். பெண் கல்விக்காக அந்தக் காலத்திலேயே எழுதியவர்.

உண்மையைச் சொன்னால், முதல் ஐம்பது பக்கம் எனக்குப் பிடித்தது. நாயகன் தன் முட்டாள்தனத்தைத் தானே சொல்லிச் சிரிக்க வைக்கிறான். அதன் பிறகு கதைக்குள் கதை, அதற்குள் ஓர் உபதேசம், உபதேசத்துக்கு ஓர் உதாரணக் கதை என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஞாயிறு பூசையில் பிரசங்கம் நீண்டுவிட்டால் சிறு பிள்ளைகள் நெளிவார்களே, அப்படி நெளிந்தேன். சிஸ்டர்கள் மன்னிக்க வேண்டும்.

ஆனால் ஞானாம்பாளுக்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆண் வேடம் பூண்ட அவள் விக்கிரமபுரிக்கு அரசனாகவே ஆகி, நீதி தவறாமல் ஆள்கிறாள். எனக்கு ஒரு கேள்வி உண்டு. அதே ஞானாம்பாள் பெண் உடையில் போயிருந்தால் சிம்மாசனம் கிடைத்திருக்குமா? ஆண் உடையில் இருக்கும்வரை அவள் அறிவை நாடே புகழ்கிறது. 1879-இல் ஒரு பெண்ணை ஆள வைப்பதற்கு அவருக்கு வேறு வழி தெரியவில்லை போலும். குறையாக இதைச் சொல்லவில்லை. அந்த வேடம் இல்லாமலேயே பெண்கள் ஆட்சியராகவும் நீதிபதியாகவும் அமரும் காலத்தில் நான் படிக்கிறேன் என்ற மகிழ்ச்சியில் சொல்கிறேன். நூற்றுக்கு எழுபது. இந்த நூலை இணையத்தில் மதுரைத் திட்டத்தில் இலவசமாகவே படிக்கலாம். பழைய நூல்களின் முதற்பதிப்புகளைக் காண விரும்புகிறவர்கள், கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதியர் திருக்கோகர்ணத்தில் உருவாக்கிய ஞானாலயா நூலகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியூர் ஆராய்ச்சியாளர்கள் தேடி வரும் இடம் அது. நமக்குக் கூப்பிடு தூரம்.

மூன்றாவது, அகிலனின் ‘சித்திரப்பாவை’. அகிலன் 1922-இல் நம் மாவட்டத்துப் பெருங்களூரில் பிறந்தவர். 1975-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது இந்நாவலுக்காக அவருக்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் தமிழ் எழுத்தாளர் அவரே. நம் மண்ணின் பெருமை என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் ஊர்ப் பெருமைக்காக மதிப்பெண் கூட்டிப் போட மாட்டேன்.

கதையில் ஆனந்தி, ஓவியனான அண்ணாமலையை விரும்புகிறாள். மாணிக்கம் என்பவன் அவள் சம்மதமின்றி அவளை முத்தமிட்டுவிடுகிறான். தொட்டவனையே மணக்க வேண்டும் என்று எண்ணி, அவனையே அவள் மணந்துகொள்கிறாள். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நம் பள்ளியில் நமக்கு என்ன சொல்லித் தருகிறார்கள்? யாராவது தவறாகத் தொட்டால் சத்தம் போடு, பெரியவர்களிடம் சொல், 1098-ஐ அழை, தவறு உன்னுடையதன்று என்றுதானே? தவறு செய்தவனுக்குத் தன் வாழ்க்கையையே பரிசாகக் கொடுப்பவளை எப்படிக் கதாநாயகி என்பது?

அப்பாயியிடம் சொன்னேன். அவர்கள் உடனே பதில் சொல்லவில்லை. “எங்க காலத்துல அதான் ஆத்தா நடந்துச்சு. பஞ்சாயத்துல கட்டி வச்சிருவாங்க. அந்தப் புள்ளய யாரும் கேக்க மாட்டாங்க” என்றார்கள். மறுபடி திறந்து படித்தேன். அகிலன் அதைச் சரியென்று சொல்லவில்லை, அந்தத் திருமணம் அவளை எப்படி வதைத்தது என்பதைத்தான் காட்டுகிறார் என்று புரிந்தது. இருந்தாலும் அவள் அந்தச் சிறையிலிருந்து வெளியேற அத்தனை பக்கங்கள் எடுத்திருக்க வேண்டாம் என்பதே என் முடிவு. நூற்றுக்கு அறுபது. அறுபதும் முதல் வகுப்புத்தான்.

நான்காவது, இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’. 1994-இல் வந்த நாவல். இதைப் புதுக்கோட்டைப் புத்தகத் திருவிழாவில் அப்பா வாங்கித் தந்தார்கள். நாயகியின் பெயர் ஆரோக்கியம். நம் கோவிலில் ‘ஆரோக்கியம்’ என்று கூப்பிட்டால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவளும் நம்மைப் போல் கிறிஸ்தவள். காலனி மக்களுக்குத் துணி வெளுத்து, வீடு வீடாகச் சோறு வாங்கிப் பிழைக்கும் குடும்பம். மேல்சாதிக்காரர்களால் ஒதுக்கப்பட்ட அந்தக் காலனி மக்களே, தங்களுக்கும் கீழே ஒரு குடும்பத்தை வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் இந்நாவல் சொல்கிறது. சில பகுதிகள் என் வயதுக்குக் கனமானவை. அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் படித்தேன்.

இதன் ஒலிவடிவம் என் கையில் இல்லை. ஆகவே நானே அப்பாயிக்கு வாசித்துக் காட்டினேன். பேச்சுமொழியில் எழுதியிருப்பதால் முதலில் என் நாக்கு தடுக்கியது. அப்பாயிதான் திருத்தினார்கள். ஆரோக்கியம் வாசல் வாசலாகப் போய் நின்று சோறு கேட்கும் பகுதியை வாசித்துக்கொண்டிருந்தபோது அப்பாயி கை தூக்கினார்கள். நிறுத்தினேன். வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

“நம்ம ஊருலயும் ஒரு அம்மா வரும். ராத்திரியில வாசல்ல வந்து நிக்கும். நாஞ் சின்னப் புள்ளையில எங்க ஆத்தா சோறு போடச் சொல்லும். நாந்தான் கொண்டு போய்ப் போடுவேன். இத்தன வருசத்துல அந்த அம்மா பேரு என்னன்னு நான் கேட்டதே இல்ல” என்றார்கள்.

அன்று அதற்கு மேல் வாசிக்கவில்லை. அன்றிரவு ஜெபமாலை சொல்லி முடித்த பின், அப்பாயி வழக்கமான கருத்துக்களோடு இன்னொரு கருத்தும் சேர்த்துக்கொண்டார்கள். யாருக்காக என்று அம்மா கேட்டார்கள். “பேரு தெரியாத ஒரு அம்மாவுக்கு” என்றார்கள். இந்த நாவலுக்கு என்னால் மதிப்பெண் போட முடியவில்லை. அது எனக்கும் அப்பாயிக்கும் மதிப்பெண் போட்டுவிட்டது போல் இருக்கிறது.

இனி, காதால் கேட்பதும் படிப்புத்தானா என்ற கேள்வி. என் தோழியரில் சிலர், “நீ படிக்கவில்லை, கேட்டாய், அது கணக்கில் வராது” என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்று இரண்டு அதிகாரம் வைத்த கையோடு அடுத்த அதிகாரத்துக்குக் கேள்வி என்று பெயர் வைத்தார். நாற்பத்திரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மிலான் நகர ஆயரான புனித அம்புரோசியார் உதடு அசையாமல், குரல் எழுப்பாமல் வாசிப்பதைக் கண்டதைப் புனித அகுஸ்தினார் தம் நூலில் ஒரு தனிச் செய்தியாகவே எழுதி வைத்திருக்கிறார். அந்த நான்காம் நூற்றாண்டில் வாசிப்பு என்றாலே பெரும்பாலும் குரல் விட்டு வாசிப்பதுதான். 1934-இல் அமெரிக்காவில் பார்வையற்றோருக்காக இசைத்தட்டுகளில் ‘பேசும் நூல்கள்’ வெளியிட்டபோது, முதல் தொகுப்பிலேயே விவிலியப் பகுதிகளும் ஷேக்ஸ்பியர் நாடகங்களும் இருந்தன. ஆகவே கேட்பது குறுக்கு வழியன்று. கண்ணுக்கு முன்பே காதுதான் படித்தது.

ஆனால் ஒலிநூல்களிலும் குறை உண்டு. மனிதர்கள் உணர்ந்து வாசித்தவை கேட்க இனிக்கின்றன. பாம்பே கண்ணன் குழுவினரைப் போலப் பலர் சேர்ந்து, பாத்திரத்துக்கு ஒரு குரலாக நடித்திருப்பவையும் உண்டு. அவற்றில் யார் பேசுகிறார்கள் என்று அப்பாயிக்குச் சொல்லவே வேண்டாம். இயந்திரத்தையே வாசிக்க விட்டிருப்பவையும் இப்போது வருகின்றன. அதற்குச் சாவும் ஒன்றுதான், சந்தையும் ஒன்றுதான். ஒப்பாரியைப் பேருந்து நிலைய அறிவிப்புப் போல வாசிக்கிறது. சில ஒலிநூல்களில் வாசிப்பவரின் குரலைப் பின்னணி இசை அமுக்கிவிடுகிறது. இன்னொன்று, கண்ணால் படிக்கும்போது பிடித்த வரியில் தானாக நின்றுவிடுகிறோம். கேட்கும்போது நிறுத்துவதற்கு ஒரு கை வேண்டும். அப்பாயி தூக்கிய கைதான் எனக்குப் படிக்கக் கற்றுக் கொடுத்தது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பில் நாவல் எதற்கு, மதிப்பெண் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறீர்கள். அரையாண்டுத் தேர்வில் எனக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்தது உண்மைதான். கல்கியின் மேல் பழி போட மாட்டேன். ஐந்தாம் பாகத்தை இரவு பதினொரு மணி வரை கேட்டது என் தவறு. இப்போது மாலை ஏழு முதல் ஏழரை வரைதான். நேரத்தைக் கட்டுப்படுத்துங்கள், நூலைத் தடுக்காதீர்கள்.

என் தோழியர்க்கும் நம் பள்ளிக்கும் இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, நம் நூலகத்தில் ஒரு கருத்துக் குறிப்பேடு வைக்க வேண்டும். நூலைத் திருப்பித் தரும்போது அதில் ‘அருமை’ என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதக் கூடாது. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றும், ஏன் என்றும் எழுத வேண்டும். திட்டு விழாது என்று நூலக சிஸ்டர் உறுதி தர வேண்டும்.

மற்றொன்று, நம் ஒவ்வொருவர் வீட்டிலோ தெருவிலோ எழுத்து தெரியாத, அல்லது தெரிந்தும் கண் தெரியாத ஒரு பெரியவர் இருப்பார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஒரு மணி நேரம் அவருக்கு வாசித்துக் காட்டுவோம். கைப்பேசியைக் கொடுத்துவிட்டு ஓடிவிட வேண்டாம். பக்கத்தில் உட்காருவோம். அவர் கை தூக்கினால் நிறுத்துவோம். அவர் சொல்வதைக் கேட்போம்.

‘கோவேறு கழுதைகள்’ இன்னும் முடியவில்லை. பொதுத்தேர்வு முடிந்ததும் மிச்சத்தை வாசிப்பதாக அப்பாயிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். “பரீட்சைய நல்லா எழுது. அந்தப் புத்தகத்துல எந்த எடத்துல நிறுத்துனோம்னு எனக்கு ஞாபகம் இருக்கு” என்றார்கள்.

எனக்கும் இருக்கிறது.